பயன் யாரைச் சேரும்?

ஆத்மா உண்டென்றும் இல்லையென்றும், உலகம் மெய்யென்றும் பொய்யென்றும், ஈசுவரன் வேண்டுமென்றும் வேண்டாமென்றும் நூற்றாண்டுக் கணக்காகத் தம்முள் வாதிட்டு ஓயாத நம் நாட்டுத் தத்துவ ஞானிகள், ஒரு விஷயத்தில் மட்டும் பெரும்பாலும் ஒருமித்தே நின்றார்கள். வினையைச் செய்தவன் எவனோ அவனே அதன் பயனை நுகர்வான் என்பதே அது. இக்கொள்கையிலிருந்து இம்மியளவு பிறழ்ந்தாலும் இரண்டு குற்றங்கள் வந்து சேரும் என்று தர்க்க நூல்களில் எழுதிவைத்தார்கள். செய்தவனுக்குப் பயன் கிட்டாமற்போவது ஒன்று. அதற்குக் கிருதஹானி என்று பெயர். செய்யாதவனுக்குப் பயன் வந்து சேர்வது மற்றொன்று. அதற்கு அகிருதாப்யாகமம் என்று பெயர். எதிராளியின் சித்தாந்தத்தில் இவ்விரண்டில் ஒன்று ஒளிந்திருப்பதைக் காட்டிவிட்டால் போதும், அவன் வாயடைத்துப் போவான். நிலையான ஆத்மா இல்லையென்றால் நேற்றுச் செய்தவன் வேறு, இன்று நுகர்பவன் வேறு என்றாகிவிடுமே என்று பௌத்தரைப் பார்த்துக் கேட்டவர்கள் கையில் எடுத்ததும் இந்த ஆயுதத்தைத்தான்.

இந்தப் பழைய வழக்கை ஆல்ப்ஸ் மலைச் சரிவில், சேறு படிந்த ஒரு சைக்கிளின் அருகே நின்று மறுபடியும் விசாரிக்க விரும்புகிறேன். சைக்கிளுக்கும் சாஸ்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். யாகமும் தானமும் தீர்த்த யாத்திரையும் மட்டுமே வினை என்று கொள்ளாமல், ஒரு மனிதன் தினந்தோறும் சிரத்தையோடு எதைச் செய்துவருகிறானோ அதுவே அவனுடைய கர்மம் என்று கொண்டால், விடியலில் மலையேறி, பகலெல்லாம் கடையில் பிறருடைய வண்டிகளைச் செப்பனிட்டு, விடுமுறை நாளில் பந்தயத்தில் ஓடும் ஒரு மலைச் சைக்கிள்காரனின் வாழ்க்கையைவிட வினையையும் பயனையும் தனித்தனியே வைத்துப் பார்க்க ஏற்ற இடம் அரிது. அங்கே வினை உடம்பால் செய்யப்படுகிறது. பயனைக் கடிகாரம் அளக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சுவிட்சர்லாந்தாகிய இந்நாட்டில் வேரூன்றிய நம்மவர்களுக்குச் சைக்கிள் என்றால் நினைவில் எழுவது வேறு. பொருளாதாரத் தடையால் எரிபொருள் அருகிப்போன தொண்ணூறுகளில், குடாநாட்டில் விறகையும் நெல் மூட்டையையும் நோயாளியையும் சுமந்த வாகனம் அது. விழாமல் வீடு சேர்வதே அதன் தர்மம். அப்படிப்பட்ட சைக்கிளைக் கல்லும் வேரும் நிறைந்த சரிவில் வேண்டுமென்றே செலுத்தி, சம்பளத்தில் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டு, முழங்கையில் கட்டோடு வீடு திரும்பும் மகனைப் பார்த்து ஒரு தாய் திகைத்தால், அந்தத் திகைப்பை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் விழுவதற்காக அவன் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள் 1976-இல் பழைய கனத்த சைக்கிள்களை மலைப்பாதையில் இறக்கிப் பந்தயம் விட்டபோது, பின்சக்கரத்து பிரேக்கில் இருந்த கிரீஸ் சூட்டினால் புகைந்து தீர்ந்துபோக, ஒவ்வோர் இறக்கத்துக்கும் பின் சக்கரத்தைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்த விளையாட்டு பிறந்த அன்றே அதனோடு பட்டறையும் பிறந்துவிட்டது.

பட்டறையிலிருந்தே தொடங்குவோம். கிரவ்புண்டன் மாநிலத்தின் தலைநகரான கூர், ரைன் நதிப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், எதிரே கலாண்டா மலை நிற்க அமைந்த பழம்பதி. அங்கே ஒரு சைக்கிள் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். இந்நாட்டின் மலையூர்களில் எல்லாம் இத்தகைய கடை உண்டாகையால் பெயர் வேண்டியதில்லை. அதில் வேலைசெய்யும் இளைஞன், வாரத்தின் பெரும்பகுதியைக் கடையிலும் எஞ்சியதைத் தொழிற்பள்ளியிலும் கழித்து, மூன்றாண்டுகள் பயின்று, அரசாங்கச் சான்றிதழ் பெற்றவன். முதல் நாள் மாலை சேற்றோடு வந்து சேர்ந்த வண்டியைக் கழுவி, செயின் நீண்டிருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்து, நீண்டிருந்தால் அது பல்சக்கரங்களைத் தின்றுவிடுவதற்கு முன் மாற்றி, ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் சக்கரத்தின் கோட்டம் எடுத்து, பிரேக் குழாயில் புகுந்துவிட்ட காற்றுக் குமிழிகளைப் பொறுமையோடு வெளியேற்றுகிறான். இந்தக் கடைசி வேலையில் ஒரு நுட்பம் உண்டு. சில பிரேக்குகளுக்குத் தாது எண்ணெய் உரியது, வேறு சிலவற்றுக்கு டாட் எனப்படும் திரவம் உரியது. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, கடையில் நன்றாகப் பிடித்த பிரேக் மலையில் கைவிட்டுவிடும். ஹேண்டில்பாரைப் பற்றியிருக்கும் சிறு திருகாணிகளும் அப்படித்தான். பெரும்பாலும் ஐந்து நியூட்டன் மீட்டர் அளவுக்கு அவற்றை முறுக்க வேண்டும். மிகுந்தால் கார்பன் குழாயில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், குறைந்தால் சரிவின் நடுவே கைப்பிடி திரும்பிவிடும்.

இவ்வளவு செய்ததற்குப் பயன் என்ன என்று பார்த்தால், ஒன்றுமே நிகழாமல் இருப்பதுதான் பயன். பிரேக் பிடித்தது, கைப்பிடி திரும்பவில்லை, சக்கரம் முறுக்கிக்கொள்ளவில்லை. அந்தப் பயன் யாரிடம் சேர்கிறது? கடையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு பாறையின் விளிம்பில், அவன் பார்த்தே இராத ஒருவனுடைய உடம்பில். மெக்கானிக் அதை அறிவதுகூட இல்லை. பிரேக் பிடித்தது என்பதற்காக எவனும் திரும்பி வந்து நன்றி சொல்வதில்லை. அந்த மெக்கானிக்குக்கும் அவனால் அறியப்படாத வேறொருவன் இருக்கிறான். கோட்டம் எடுக்கும்போது அவன் விரலில் படும் கம்பி பீல் நகரத்துக் கம்பியாக இருக்கலாம். 1634 முதல் அங்கே கம்பி இழுத்துவந்த ஆலையின் மரபிலிருந்து 1994-இல் தனியே பிரிந்த டிடி சுவிஸ் கம்பெனியின் சரக்கு அது. கம்பியைச் செய்தவன், சக்கரத்தைச் சமைத்தவன், திருகாணியை முறுக்கியவன் ஆகிய மூவரின் வினையும் ஒன்றாகக் கூடி, நான்காவது மனிதன் ஒருவன் உயிரோடு மலையிறங்குவதாக முடிகிறது. தர்க்க நூலார் அஞ்சிய இரண்டு குற்றங்களும் இங்கே தினசரி நடைமுறையாக இருக்கின்றன!

வேத வேள்வியின் விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் இதை யோசிக்காதவர்களல்லர். யாகத்தில் ஆகுதி சொரிபவர்களும் மந்திரம் ஓதுபவர்களும் ருத்விக்குகளாகிய புரோகிதர்கள், சுவர்க்கமோ யஜமானனுக்கு. வினை ஒருவரது, பயன் மற்றொருவரது ஆவது எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன சமாதானம், யஜமானன் தக்ஷிணை கொடுத்து அவர்களுடைய கர்மத்தை விலைக்கு வாங்கிவிட்டான், ஆகவே உண்மையில் கர்த்தா அவனே என்பது. சைக்கிள் கடைக்கு இந்தச் சமாதானம் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! வண்டிக்காரன் யஜமானன், மெக்கானிக் ருத்விக், ரசீதில் எழுதிய பிராங்குகள் தக்ஷிணை. ஆயினும் இதில் எனக்குத் திருப்தி இல்லை. கூலி நேரத்துக்குக் கொடுக்கப்படுகிறது, சிரத்தைக்கு அல்ல. வண்டியைக் கொடுத்தனுப்பும் முன் கடைசித் திருகாணியை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்ப்பவனுக்கும் பார்க்காதவனுக்கும் கூலி ஒன்றுதான். அந்த மறுமுறைத் தொடுதலை யாரும் விலைக்கு வாங்கவில்லை. ஆகவே அதன் பயன் யஜமானனுக்குச் சேர்வதற்குச் சாஸ்திர ரீதியாக எந்த நியாயமும் இல்லை, எனினும் அது அவனுக்கே சேர்கிறது. ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் சந்தனப் பொட்டு இடும் நம் வழக்கத்தை, கூலியில் அடங்காத இந்த மிச்சத்துக்குச் செய்யும் வணக்கமாகவே நான் கருதுகிறேன்.

கடையை விட்டு மலைக்குப் போனாலும் இதே கதைதான். 1912 முதல் அமலில் இருக்கும் சுவிஸ் உரிமையியல் சட்டத்தின் 699-ஆம் பிரிவு, காட்டுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் அவ்விடத்து வழக்கத்துக்கு உட்பட்டு எவரும் நுழையலாம் என்கிறது. நிலம் ஒருவனுக்குச் சொந்தம், அதில் நடக்கும் உரிமை எல்லாருக்கும் சொந்தம். மஞ்சள் பலகைகள் வழிகாட்டும் நடைபாதைகள் இந்நாட்டில் ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் நீளம். அவற்றைப் பராமரிப்பவர்களில் பலர் கூலி வாங்காத தொண்டர்கள். சைக்கிள் வழிகளை அரசியல் சட்டத்திலேயே சேர்க்கலாமா என்று 2018 செப்டம்பர் 23 அன்று மக்களைக் கேட்டபோது, வாக்களித்தவர்களில் 73.6 சதவீதத்தினர் சம்மதித்தார்கள். அவர்களில் வாழ்நாளில் பெடலை மிதிக்காதவர்களும் இருந்திருப்பார்கள். மலைச் சைக்கிள்காரனுக்கு இங்கே எல்லாக் கதவும் திறந்திருப்பதாகவும் எண்ண வேண்டாம். 1914-இல் நிறுவப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் சைக்கிள் கூடாது. மற்றப்படி கிரவ்புண்டனில் நடப்பவரும் ஓட்டுபவரும் பெரும்பாலும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். எதிரே நடந்து வருபவரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து வழிவிட வேண்டியவன் ஓட்டுபவனே என்பதும், மேய்ச்சல் நிலத்து வேலிக் கதவைத் திறந்தவன் தன் பின்னால் அதை மூடிவிட்டே போகவேண்டும் என்பதும் இங்கே எழுதாத தர்மம். மூடிய கதவின் பயன் பசுவுக்கும் இடையனுக்கும்.

அந்த இடையன் என்ன செய்கிறான் என்பதையும் சொல்லவேண்டும். ஊரி, ஷ்வீஸ், ஒப்வால்டன் முதலிய கத்தோலிக்க மாநிலங்களின் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களில், கோடைக்கால மாலைதோறும், இடையன் ஒரு மேட்டில் ஏறி நின்று, பால் வடிகட்டும் மரப் புனலை வாயில் வைத்துக்கொண்டு, மாதாவையும் புனிதர்களையும் விளித்து மந்தைக்கும் மனிதருக்கும் காவல் வேண்டி நீட்டி முழங்குவான். அவன் குரல் எட்டும் தூரமெல்லாம் அன்றிரவு தீங்கு அணுகாது என்பது நம்பிக்கை. நான் அதன் பலிதத்தைப் பற்றிப் பேசவில்லை. காவலின் எல்லையை அவர்கள் வகுத்த விதத்தையே சொல்லுகிறேன். தன் பசு எது, அயலான் பசு எது என்ற கணக்கு அதில் இல்லை. கேட்டவன் கேளாதவன் என்ற கணக்குகூட இல்லை. இறக்கத்தில் இருட்டிவிட்டதே என்று அவசரமாக வரும் சைக்கிள்காரன் ஒருவன், எந்த மாதாவையும் நம்பாதவனாக இருந்தாலும், அந்தக் குரலுக்குள் அகப்பட்டால் அவனுக்கும் காவல் உண்டு.

சற்று ஆழ்ந்து பார்த்தால் கிறிஸ்தவம் முழுவதுமே இந்த அகிருதாப்யாகமத்தின்மேல் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். ஒருவர் பட்ட பாட்டின் பயன், அதற்கு யாதொன்றும் செய்யாத கோடிக்கணக்கானவர்களைச் சேர்கிறது என்பதுதானே அவர்களுடைய நற்செய்தி. இந்நாட்டின் ஜெனீவாவில் போதித்து 1564-இல் மறைந்த கால்வின் இன்னும் ஒரு படி மேலே போய், மனிதன் செய்யும் எந்த நற்காரியமும் அவனுக்கு ரட்சிப்பைச் சம்பாதித்துத் தராது, அது தேவனுடைய சுதந்தரமான தேர்வு என்று, வினைக்கும் பயனுக்கும் இடையே இருந்த கயிற்றையே அறுத்துவிட்டார். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை என்று பெருமைப்படவும் முடியாது. மகன் இறைக்கும் எள்ளும் நீரும் பிதிரரைச் சேர்கின்றன என்று நம்பித் தர்ப்பணம் செய்யும் நாம், வாதத்தில் எதைக் குற்றம் என்றோமோ அதையே அமாவாசைதோறும் அனுஷ்டானமாகச் செய்துவருகிறோம்.

ஆயினும் பழைய கொள்கைக்கு ஒரு கோட்டை மிச்சமிருக்கிறது. அது சைக்கிள்காரனின் கால்கள். விடியலில் எழுந்து பிரம்ப்ரூஷ் மலைமேல் அவன் ஏறும் ஏற்றத்தை அவனுக்காக வேறொருவன் ஏற முடியாது. செயினைத் துடைப்பவனை அமர்த்திக்கொள்ளலாம், சூப் காய்ச்சுபவனை அமர்த்திக்கொள்ளலாம். மூச்சு வாங்குபவனை அமர்த்திக்கொள்ள முடியாது. அந்தக் காலத்து மலைச் சைக்கிள் பந்தயத்தில் இந்தத் தத்துவத்தை வண்டி வரையில் நீட்டி, வழியில் எது பழுதானாலும் ஓடுபவன் தானே சரிசெய்துகொள்ள வேண்டும், பிறர் கை படக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அதைத் தளர்த்தி, குறித்த இடங்களில் மட்டும் துணைவர்கள் நின்று தண்ணீரும் சக்கரமும் கொடுக்கலாம் என்றார்கள். எப்படியானாலும் உடம்பின் உழைப்பில் அந்தத் தத்துவம் மாறவில்லை. கடற்கரையில் வாழ்பவன் சென்ட் மோரிட்ஸ் போன்ற 1,800 மீட்டர் உயரத்து ஊரில் வாரக்கணக்கில் தங்கிப் பயின்றால், மெலிந்த காற்றில் மூச்சுத் திணறிய உடம்பு, சிறுநீரகத்தின் மூலம் ஒரு ரசத்தைச் சுரந்து, இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. செய்தவனுக்கே பயன் என்பதற்கு இதைவிடத் தூய்மையான திருஷ்டாந்தம் கிடையாது. அந்த ரசத்தைத்தான் எண்பதுகளின் இறுதியில் இரத்தசோகை நோயாளிகளுக்கு மருந்தாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். மருந்தின் பெயர் இபிஓ. ஏறாத மலையின் பயனை ஊசி வழியாக இரத்தத்தில் வரவழைத்துக்கொள்ளலாம் என்று பந்தயக்காரர்கள் அறிவதற்கு அதிக காலம் ஆகவில்லை. கோட்டைக்குள் திருடன் நுழைந்த கதை அது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், திருட்டே இல்லாத பந்தயத்தில் பயன் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்க்கலாம். கிரவ்புண்டனின் தெர்ஸ்னௌஸ் என்ற சிற்றூரில் 1986-இல் பிறந்த நினோ ஷூர்ட்டர், 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். 2012-இல் லண்டனில், கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகள் வரையில் முன்னே இருந்து, செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவியிடம் ஒரு விநாடியில் தங்கத்தை இழந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரியோவில் தங்கம் அவருக்கு, வெள்ளி குல்ஹாவிக்கு. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற இந்தப் படிக்கட்டைக் காட்டி, உழைப்பு வீண்போகாது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், சொல்லியும் வருகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது லென்சர்ஹைடேயில் நடந்தது. கூர் நகரிலிருந்து மலை ஏறிப் போனால் வரும் அந்த ஊர், ஷூர்ட்டரின் சொந்தப் புழக்கடை. 2018-இல் உலகப் பட்டத்தை அங்கேயே வென்றிருந்தார். 2022 ஜூலையில், 33 உலகக் கோப்பைப் பந்தயங்களை வென்று பிரெஞ்சு வீரர் அப்சலோனின் சாதனையைச் சமன்செய்திருந்த அவர், அதைக் கடக்க வேண்டும் என்ற வேகத்தோடு கடைசிச் சுற்றில் தம் நாட்டவரான மத்தியாஸ் ஃபிளூக்கிகரின் உட்புறமாகப் புகுந்தபோது, இருவரும் உரசி இருவரும் விழுந்தார்கள். பின்னால் வந்துகொண்டிருந்த இத்தாலியர் லூகா பிரைதோ வெற்றியைக் கொண்டுபோனார். பிரைதோவும் கடுமையாக உழைத்தவர்தாம், ஐயமில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் வெற்றி அவருடைய வினையால் மட்டும் வந்ததென்று அவரே சொல்லமாட்டார். அடுத்த ஆண்டு, 2023 ஜூன் 11 அன்று, அதே லென்சர்ஹைடேயில், தம் 37-ஆம் வயதில், ஷூர்ட்டர் 34-ஆவது வெற்றியைப் பெற்றார்.

அதற்கு நான்கே நாள் கழித்து, அதே மாநிலத்தில், அங்கிருந்து அதிக தூரமில்லாத அல்புலா கணவாயிலிருந்து லா புன்ட் ஊரை நோக்கி இறங்கிய சாலைப் பந்தயத்தில், ஜினோ மேடர் என்ற 26 வயது சுவிஸ் வீரர் சாலையைவிட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்தார். மறுநாள் கூர் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அவர் மலைச் சைக்கிள்காரர் அல்லர். ஆனால் நம் விசாரத்துக்கு அவரைவிட நெருங்கியவர் இல்லை. 2021-இல் ஸ்பெயின் நாட்டுப் பெருஞ்சுற்றில் ஓடியபோது, ஒவ்வொரு நாளும் தமக்குப் பின்னால் வந்து முடித்தவர் எத்தனை பேரோ, ஆளுக்கு ஒரு சிறு தொகை வீதம் சுற்றுச்சூழல் பணிக்குக் கொடுப்பது என்று அவர் சங்கற்பம் செய்துகொண்டார், ஐந்தாமவராக முடித்தார். பயனைத் துறந்து வினை செய் என்ற உபதேசத்தை மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம், வெற்றியை விரும்பாதவன் எப்படிப் பந்தயத்தில் ஓடுவான் என்ற சந்தேகம் எனக்கு எழுந்ததுண்டு. பயனற்ற காரியத்தில் மூடனும் இறங்கமாட்டான் என்று மீமாம்சகர் குமாரிலரின் மரபினர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். மேடர் வெற்றியை விரும்பினார். ஒரு மனிதனையாவது கூடுதலாக முந்தவேண்டும் என்று முன்பைவிட அதிகமாகவே விரும்பியிருப்பார். விரும்பி, பிடித்து, பிடித்ததை வேறு இடத்துக்கு அனுப்பினார்.

அந்த மரணத்துக்கு என்ன காரணம் சொல்வது? பழவினை என்பார்கள், ஊழ் என்பார்கள். ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருப்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஊழ் என்ற கொள்கை, எனக்கு வந்த துன்பத்தை நான் தாங்கிக்கொள்வதற்காக நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும்போது ஞானமாகவும், பிறனுடைய துன்பத்தை விளக்குவதற்காக நான் அவன் பெற்றோரிடம் சொல்லும்போது கொடுமையாகவும் ஆகிவிடுகிறது. சாலை வளைந்தது, வேகம் மிகுந்திருந்தது, ஓரத்தில் பள்ளம் இருந்தது. இதற்குமேல் ஒரு முற்பிறவியைத் தேடிப்போக எனக்கு அதிகாரம் இல்லை.

இனித் திருடன் கதைக்கு வருவோம்; திருடன் என்று நான் சொன்ன சொல் சரிதானா என்பதும் அதில் தெரியும். தோமஸ் ஃபிரிஷ்க்னெக்ட் 1970-இல் பிறந்த சுவிஸ் வீரர். அமெரிக்காவின் துராங்கோவில் 1990-இல் நடந்த முதல் உலகப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். அடுத்து வந்த ஆண்டுகளிலும் இரண்டாமிடமே. மலைச் சைக்கிள் முதன்முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1996-இல், அட்லாண்டாவிலும் நெதர்லாந்து வீரர் பிரெந்த்யென்ஸுக்கு அடுத்து வெள்ளி. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸில் நடந்த உலகப் போட்டியில், பிரான்சின் ஜெரோம் கியோட்டிக்கு அடுத்து மறுபடியும் இரண்டாமிடம். உலக வீரனுக்குரிய வானவில் பட்டையிட்ட வெள்ளைச் சட்டையைக் கியோட்டி அணிந்தார். ஓராண்டுக்கு அவ்வகைப் பந்தயங்களில் அதை அணிந்து ஓடும் உரிமை உலக வீரனுக்கு மட்டுமே உண்டு.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2000-இல், எந்தச் சோதனையிலும் பிடிபடாத கியோட்டி, தாமாகவே வாயைத் திறந்து, கெய்ர்ன்ஸுக்குப் போகுமுன் இபிஓ போட்டுக்கொண்டதாக ஒப்புக்கொண்டார். 1996-இல் அந்த மருந்தைக் கண்டுபிடிக்கும் சோதனையே கிடையாது. ஒலிம்பிக்கில் அது முதன்முதல் நடந்தது 2000-இல் சிட்னியில்தான். ஆகவே மௌனமாக இருந்திருந்தால் சாகும்வரை அவரே உலக வீரர். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி, பட்டத்தைத் துறந்து, பதக்கத்தையும் சட்டையையும் ஃபிரிஷ்க்னெக்டிடமே ஒப்படைத்தார். பதிவேடுகளில் இன்று 1996-ஆம் ஆண்டின் உலக வீரர் ஃபிரிஷ்க்னெக்ட்.

முடிந்துபோன வினை காலம் கடந்து எப்படிப் பயன் தரும் என்பது மீமாம்சகரை வருத்திய கேள்வி. யாகம் இன்று முடிந்துவிடுகிறது. சுவர்க்கமோ மரணத்துக்குப் பின். இடையில் இருப்பது என்ன? அபூர்வம் என்ற ஒரு கட்புலனாகாத சக்தி வினையிலிருந்து பிறந்து, பயன் பழுக்கும்வரை காத்திருக்கிறது என்றார்கள். நம் சைவ சித்தாந்திகள் இதை ஏற்கவில்லை. சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் மீமாம்சகரின் இரு கிளையாரையும் எடுத்து மறுத்த அருணந்தி சிவாசாரியாரின் மரபு, வினை ஜடம், அது தானே நடந்துபோய்த் தன் கர்த்தாவைத் தேடிப்பிடிக்க அறியாது, ஆகையால் பயனைக் கூட்டிவைக்கும் அறிவுடைய இறைவன் ஒருவன் வேண்டும் என்று வாதிடுகிறது. கெய்ர்ன்ஸ் பந்தயத்தை இவ்விரு கட்சியாரின் முன் வைத்தால் வாதத்தில் வெல்பவர் சித்தாந்தியே என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் பாதி வெற்றிதான். ஃபிரிஷ்க்னெக்ட் அன்று ஓடிய ஓட்டத்தில் எந்த அபூர்வம் பிறந்திருந்தாலும், அது நான்கு ஆண்டுகள் செயலற்றே கிடந்தது, தானாக நகரவில்லை. பயனைக் கொண்டுவந்து சேர்க்க அறிவுடைய ஒருவன் வேண்டியிருந்தது உண்மை. வந்தவனோ அதைக் கவர்ந்துகொண்ட மனிதனே. செய்தவனுக்குப் பயன் சேர்வதென்பது வினையின் இயற்கையான விதி என்று எண்ணியிருந்தோம். இங்கே அது, ஓர் இரவில் தூக்கமில்லாமல் புரண்டிருக்கக்கூடிய ஓர் அந்நியனின் மனச்சாட்சியைச் சார்ந்திருந்தது. அந்த மனச்சாட்சி விழிக்காத பந்தயங்கள் எத்தனை என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. திருடன் என்ற சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தண்டனைக்கு அஞ்சி ஒப்புக்கொள்பவனை அப்படி அழைக்கலாம், கியோட்டி செய்தது தர்ம சாஸ்திரங்கள் பிராயச்சித்தம் என்று சொல்வதற்கு மிக அருகில் வருகிறது. அதன் பயனும் பெரும்பாலும் அவரைச் சேராமல் இன்னொருவரைத்தானே சேர்ந்தது!

கதையை அழகாக முடித்துவைக்க விரும்பும் மனம் இவ்வளவோடு நிற்காது. பிற்காலத்தில் ஷூர்ட்டரின் அணிக்குத் தலைவரானவர் இதே ஃபிரிஷ்க்னெக்ட். 2017-இல் உலகப் போட்டி மறுபடி கெய்ர்ன்ஸுக்கு வந்தபோது அங்கே வானவில் சட்டை அணிந்தவர் ஷூர்ட்டர். அதற்கும் முன்பே, 2003-இல், சுவிட்சர்லாந்தின் லுகானோவில் நடந்த மாரத்தான் உலகப் போட்டியில் ஃபிரிஷ்க்னெக்ட் வென்று, இம்முறை சட்டையை மேடையிலேயே, தம் நாட்டு மக்களின் முன்னிலையிலேயே பெற்றார். வினை தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது பார்த்தீர்களா என்று சொல்ல நாவு துடிக்கும். நான் சொல்லமாட்டேன். லுகானோவில் கிடைத்தது லுகானோவில் ஏறிய ஏற்றத்துக்கு. 2017-இல் கிடைத்தது ஷூர்ட்டரின் கால்களுக்கும் அவருடைய வண்டியை முந்தின இரவு பிரித்துப் பூட்டியவர்களின் கைகளுக்கும். 1997-ஆம் ஆண்டின் பந்தயங்களுக்கு வானவில் சட்டையோடு ஃபிரிஷ்க்னெக்ட் வந்து நின்றிருக்க வேண்டும். அவர் நிற்கவில்லை, அந்த ஓராண்டு அவருக்கும் திரும்பவில்லை, வேறெவருக்கும் போய்ச் சேரவுமில்லை. கிருதஹானி என்று தர்க்கவாதிகள் பெயர் சொல்லி அஞ்சியது இதைத்தான். சித்தாந்தம் இடம் கொடுக்கவில்லை என்பதற்காக அது நிகழாமல் இருக்கவில்லை.